ஜான் மேக்கி: பந்தும் பிடித்தார், வழக்கும் போட்டார்

அமெரிக்கக் கால்பந்து என்று ஆரம்பித்தாலே பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும். காலால் உதைப்பதே அபூர்வமான ஒரு ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் புனேயில் அமெரிக்க ஷிஃப்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிறு ராத்திரி பத்தரை, பதினொன்றரைக்கு வேறு என்ன இருக்கிறது? திங்கட்கிழமை கான்ஃபரன்ஸ் காலில் அந்தப்பக்கத்து ஆசாமிகள் முதல் பத்து நிமிடம் இதைத்தான் பேசுவார்கள். சும்மா 'யா, யா' என்று தலையாட்டிக்கொண்டு இருப்பதைவிடக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்று பார்க்க ஆரம்பித்தது. அப்படியே பழைய கதைகளைத் தோண்டப்போய் அகப்பட்டவர்தான் ஜான் மேக்கி. ஆட்டம் பிடிக்காதவர்களும் உட்காருங்கள். இதில் ஆட்டம் பாதிதான்.

முதலில் டைட் எண்ட் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். நடுவில் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பந்தைப் பிடிக்கிற வேலை கிடையாது. எதிராளியை முட்டித் தள்ளி, குவார்ட்டர்பேக் என்கிற நம்ம ஆளைக் காப்பாற்றுவதுதான் பிழைப்பு. வெளி ஓரத்தில் ஒல்லியாக, வேகமாக இரண்டு பேர். அவர்கள் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவர்கள். இந்த இரண்டு ஜாதிக்கும் நடுவில், தடியர் வரிசையின் கடைசியில் ஒட்டி நிற்பவர்தான் டைட் எண்ட். ஒட்டி நிற்பதால்தான் அந்தப் பெயர். அவர் முட்டவும் வேண்டும், ஓடிப்போய்ப் பிடிக்கவும் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தலும் கட்டி, பந்தியும் பரிமாறுகிற தாய்மாமன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1960 வரைக்கும் இந்த இடத்தில் நின்றவர்களுக்கு முட்டுகிற வேலைதான் முக்கியம். போனால் போகிறதென்று எப்போதாவது ஒரு சின்ன பந்து வரும். 1961ல் சிகாகோ பேர்ஸுக்கு வந்த மைக் டிட்கா முதல் வருடமே 56 பந்துகளைப் பிடித்து 1,076 யார்டு ஓடினார். 'அடடே, இவனுக்கும் பந்து போடலாம் போலிருக்கே' என்று எல்லோருக்கும் உறைத்தது அப்போதுதான். இரண்டு வருடம் கழித்து வந்தார் மேக்கி. டிட்கா பந்தைப் பிடித்தார் என்றால், மேக்கி பிடித்த பிறகு என்ன செய்யலாம் என்று காட்டினார்.

1941 செப்டம்பர் 24ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். லாங் ஐலண்டில் ஹெம்ப்ஸ்டெட் பள்ளிக்கூடம், அப்புறம் சிரக்யூஸ் பல்கலைக்கழகம். அங்கே அவருடைய அறைத்தோழர் எர்னி டேவிஸ். கல்லூரிக் கால்பந்தின் மிகப்பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையை 1961ல் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அந்த எர்னி டேவிஸ்தான். பாவம், ரத்தப் புற்றுநோய் வந்து ஒரே ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே மாதம் இறந்துபோனார். மேக்கி தொழிலுக்குள் நுழைந்தது அதே வருடம். பால்டிமோர் கோல்ட்ஸ் அணி இரண்டாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சியாளர் டான் ஷூலாவுக்கும் அந்த அணியில் அதுதான் முதல் வருடம்.

பந்து போடுகிறவர் ஜானி யுனைட்டஸ். அந்தக் காலத்து எம்.ஜி.ஆர். என்று சொன்னால் புரியும். முதல் சீசனிலேயே மேக்கி 35 பந்துகள் பிடித்து 726 யார்டு. அதாவது ஒரு பந்துக்குச் சராசரியாக 20 யார்டுக்கும் மேல். ஒல்லிப்பிச்சான் ஓட்டக்காரர்களுக்கே இது பெரிய கணக்கு. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, முட்டுவதற்காக வைத்திருக்கிற ஆள் இப்படி ஓடினால் எதிரணி என்ன செய்யும்?

என்ன செய்தது என்பதற்கு 1966ல் டெட்ராய்ட்டில் நடந்த ஆட்டத்தின் படத்துண்டு ஒன்று இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள். குட்டியாக ஒரு பந்தை வாங்குகிறார். ஒருத்தன் இடுப்பைப் பிடிக்கிறான், உதறுகிறார். இரண்டு பேர் மேலே விழுகிறார்கள், அவர்கள் கீழே கிடக்கிறார்கள், இவர் ஓடிக்கொண்டிருக்கிறார். அப்படியே 64 யார்டு. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டில் சடுகுடு பாடிப்போகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தான். நாலு பேர் காலையும் இடுப்பையும் கட்டிக்கொண்டு தொங்க, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொடுவானே, அதேதான். அந்த வருடம் மேக்கி போட்ட ஒன்பது டச்டவுனில் ஆறு, 50 யார்டுக்கு மேல் ஓடிப் போட்டவை. டைட் எண்ட் என்ற இடத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கணக்கை அதற்குமுன் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்து சீசன், 139 ஆட்டம், 331 பந்து, 5,236 யார்டு, 38 டச்டவுன். பத்து வருடத்தில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். இந்த ஒற்றை ஆட்டக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது பெருமை. தலை சுற்றினாலும், கண் இருட்டினாலும், மூக்கில் உப்பை முகரக் கொடுத்து 'போடா உள்ளே' என்று அனுப்பிய காலம் அது.

இப்போதைய ஆட்களோடு ஒப்பிட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்கக்கூடாது. 2013ல் ஓய்வுபெற்ற டோனி கொன்ஸாலெஸ் 1,325 பந்துகள் பிடித்தவர்தான். ஆனால் மேக்கி காலத்தில் ஆட்டமே வேறு. பந்தை எறிவது குறைவு, சீசனுக்குப் 14 ஆட்டம்தான், ஓடுகிறவனைப் பிடித்துக் கசக்குவதற்குத் தடையே கிடையாது. 1969ல் லீகின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு எல்லாக் காலத்துக்குமான அணியைத் தேர்ந்தெடுத்தபோது டைட் எண்ட் இடத்துக்குப் போட்ட பெயர் மேக்கி. அவர் அப்போது இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்!

சூப்பர் பௌல் கதையையும் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமானது. 1971 ஜனவரி 17, மயாமி. எதிரே டாலஸ் கௌபாய்ஸ். யுனைட்டஸ் எறிந்த பந்து எடி ஹிண்டனுக்குப் போனது. அவர் கையில் பட்டு எகிறி, டாலஸின் மெல் ரென்ஃப்ரோ விரலை உரசி, பின்னால் நின்ற மேக்கியின் கையில் வந்து விழுந்தது. 75 யார்டு ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டார். டாலஸ்காரர்கள் குதித்தார்கள். அப்போதைய விதிப்படி ஒரே அணியின் இரண்டு பேர் அடுத்தடுத்துப் பந்தைத் தொடக்கூடாது. நடுவில் எதிரணி ஆள் தொட்டிருந்தால் செல்லும். ரென்ஃப்ரோவின் விரல் பட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. பட்டது என்று நடுவர்கள் சொல்ல, 6-6. அந்த ஆட்டம் முழுக்கவே தப்பும் தவறுமாக ஆடியது (இரண்டு அணியும் சேர்ந்து பதினொரு முறை பந்தைப் பறிகொடுத்தன). கடைசி விநாடிகளில் ஜிம் ஓ'பிரையன் உதைத்த 32 யார்டு உதையில் பால்டிமோர் 16-13 என்று ஜெயித்தது. இரண்டு வருடம் முன்னால் நியூயார்க் ஜெட்ஸிடம் கேவலமாகத் தோற்றிருந்தார்கள். அந்த மோதிரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று புரிந்துகொள்ள இது போதும். மோதிரத்துக்கு மறுபடி வருகிறேன்.

சரி, வழக்குக்கு வருவோம். எனக்கு மேக்கி பிடித்துப்போனது இதனால்தான்.

1970ல் என்.எஃப்.எல்., ஏ.எஃப்.எல். என்ற இரண்டு லீகுகளும் ஒன்றாயின. முதலாளிகள் ஒன்றானதும் ஆட்டக்காரர் சங்கங்களும் ஒன்றாயின. அதற்கு முதல் தலைவர் மேக்கி. வயது 28. அந்த வருட ஜூலைக் கடைசியிலேயே வேலைநிறுத்தம். நாலைந்து நாளில் முடிந்துவிட்டது. பென்ஷனும் ஊனமுற்றால் கிடைக்கிற தொகையும் கொஞ்சம் கூடின. சம்பளம் பேசப் போகும்போது ஏஜென்ட் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற உரிமை கிடைத்தது. அதுவரை அதுவும் இல்லை! இருபத்திரண்டு வயதுப் பையன் தனியாகப் போய் முதலாளி எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

ஆனால் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. ரோஸெல் விதி என்று பெயர். லீக் கமிஷனர் பீட் ரோஸெலின் பெயரால். 1962ல் ஆர்.சி. ஓவன்ஸ் என்பவர் ஒப்பந்தம் முடிந்து சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பால்டிமோருக்கு மாறினார். அதைப் பார்த்து பயந்த முதலாளிகள் 1963ல் கொண்டுவந்தது இது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி இன்னும் ஒரு வருடம் உன்னைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். அதையும் ஆடி முடித்தபிறகு நீ சுதந்திரன். ஆனால் உன்னை எடுக்கிற புது அணி, பழைய அணிக்கு நஷ்டஈடு தரவேண்டும். இரண்டு அணிகளும் ஒத்துப்போகவில்லை என்றால் கமிஷனரே, தனக்குச் சரியென்று பட்ட ஆட்களையோ வருங்காலத் தேர்வுகளையோ எடுத்துக் கொடுத்துவிடுவார். என்ன கொடுக்கவேண்டியிருக்கும் என்பது கையெழுத்துப் போடுகிறவரை தெரியாது. 1968ல் டேவ் பார்க்ஸ் என்பவரை எடுத்த நியூ ஆர்லியன்ஸ் அணியிடமிருந்து ஒரு முதல்சுற்று ஆட்டக்காரரையும், அடுத்த வருட முதல்சுற்றுத் தேர்வையும் பிடுங்கி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார் ரோஸெல். அதைப் பார்த்தபிறகு எவன் துணிவான்?

கணக்கு கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1963 முதல் 1974 வரை ஒப்பந்தத்தை முழுதாக ஆடி முடித்து வெளியே வந்தவர்கள் 176 பேர். அதில் வேறு அணிக்குப் போக முடிந்தவர்கள் 34 பேர்.

இதைப் படித்தபோது என் முதல் கம்பெனி ஞாபகம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேர் வேண்டாம். இரண்டு வருட பாண்ட். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். விட்டுப் போகிறேன் என்றால் 'ரிலீவிங் லெட்டர் வேண்டாமா தம்பி?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார் எச்.ஆர். மேனேஜர். 'நீ சுதந்திரன்தான், ஆனால்...' என்பதில் அந்த 'ஆனால்' இருக்கிறதே, அது எல்லாத் தொழிலிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எங்களுக்கு அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. நோட்டீஸ் பீரியடை எண்ணிக்கொண்டு காலம் தள்ளினோம்.

மேக்கியும் இன்னும் சில ஆட்டக்காரர்களும் 1972ல் வழக்குப் போட்டார்கள். அதே வருடம்தான் பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட் இதே மாதிரி வழக்கில் உச்சநீதிமன்றத்தில் தோற்றிருந்தார். பேஸ்பாலுக்கு 1922லிருந்தே ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, அதைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கால்பந்துக்கு அந்த விலக்கு இல்லை என்று 1957லேயே தீர்ப்பாகியிருந்தது. அந்த ஒரு சந்துதான் மேக்கிக்குக் கிடைத்தது.

1975ல் மினியாபொலிஸில் நீதிபதி ஏர்ல் லார்சன் முன்னால் விசாரணை 55 நாள் நடந்தது. சாட்சியப் பதிவு மட்டும் 11,000 பக்கத்துக்கு மேல். முதலாளிகளின் வாதம் கெட்டிக்காரத்தனமானது. 'இந்த விதியைச் சங்கமே ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிலாளர் ஒப்பந்தத்தில் பேசி முடித்ததை ஏகபோகச் சட்டம் தொடமுடியாது' என்றார்கள். லார்சன் ஏற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் விதி செல்லாது என்றார். 1976 அக்டோபரில் எட்டாவது வட்ட அப்பீல் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. விதி சங்கத்தின் தலையில் கட்டப்பட்டதே தவிர, இரு தரப்பும் சரிசமமாக உட்கார்ந்து பேசி முடித்தது அல்ல என்பதுதான் அவர்கள் கண்டது. எப்போது தொழிலாளர் ஒப்பந்தம் முதலாளிக்குக் கேடயமாகும், எப்போது ஆகாது என்று அந்தத் தீர்ப்பு வகுத்த சோதனைக்கு அமெரிக்கச் சட்டப் படிப்பில் இன்றும் மேக்கி பெயர்தான். பந்து பிடித்த ஆளின் பெயரில் ஒரு சட்டச் சோதனை!

இங்கே ஒரு சோகம். ஜெயித்த பிறகு 1977ல் சங்கம் லீகோடு ஒப்பந்தம் போட்டது. ஆட்டக்காரர்களுக்கு நஷ்டஈடாக ஒரு கோடி டாலருக்கு மேல் கிடைத்தது, சங்கத்துக்கும் பலம் கிடைத்தது. ஆனால் ஆள் மாறினால் பழைய அணிக்கு ஈடு என்பது வேறு ரூபத்தில் திரும்ப உள்ளே வந்துவிட்டது. கோர்ட்டில் பிடுங்கியதை மேஜையில் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. சங்கம் செத்துப்போகாமல் இருக்க வேறு வழியில்லை என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, உண்மையான சுதந்திரம் வர 1993 ஆகிவிட்டது. ஃப்ரீமன் மெக்நீல் என்பவர் பெயரில் அதே மினியாபொலிஸில் இன்னொரு வழக்கு ஜெயித்த பிறகு. மேக்கிக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் 1972ல் சான் டியேகோவுக்குப் போய் ஒரு சீசன் ஆடி, ஓய்வு பெற்றே இருபது வருடம் ஆகியிருந்தது.

ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பெரிய கௌரவம் இருக்கிறதே, டிட்காவுக்கு 1988ல் கிடைத்தது. மேக்கிக்கு 1992. தகுதிக்காலத்தின் கடைசி வருடம். அதைத் தாண்டியிருந்தால் பொதுப் பட்டியலிலிருந்தே போயிருக்கும். ஐம்பதாண்டு அணியில் இடம் பிடித்தவரை ஏன் இத்தனை வருடம் காக்க வைத்தார்கள்? வழக்குத்தான் காரணம் என்று அப்போதே பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் மனதுக்குள் நாம் நுழைந்து பார்க்க முடியாது. ஆனால் ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தத் தாமதத்துக்கு எனக்குக் காரணம் புரியவில்லை. அவர் ஆடிய கோல்ட்ஸ் அணி 1984ல் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் மூட்டை கட்டி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. ஹால் ஆஃப் ஃபேம் மோதிரத்தை அங்கே போய் வாங்க மேக்கி மறுத்துவிட்டார். பால்டிமோரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தின்போது, அந்த ஊர் ஜனங்கள் முன்னால் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பத்து வருடம்கூட ஆகவில்லை. 2000ஆம் வருடத்தை ஒட்டி அவருக்கு ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று கண்டுபிடித்தார்கள். மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்கிக்கொண்டே போகிற மறதி நோய். இதில் ஞாபகத்துக்கு முன்னால் குணம் போகும். ஒருமுறை விமான நிலையச் சோதனையில் விரலில் கிடந்த இரண்டு மோதிரங்களையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். மேக்கி மாட்டேன் என்று சொல்லிவிட்டு விமானத்தை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டார். பல பேர் சேர்ந்து பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. டெட்ராய்ட்டில் ஓடியவரை.

அவருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் மாதம் 2,500 டாலருக்கும் குறைவு. கவனிப்பு இல்லத்துக்கு அது எந்த மூலைக்கு? ஊனமுற்றோர் தொகை கேட்டால், கால்பந்தால்தான் மூளை கெட்டது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று லீகும் சொன்னது, சங்கமும் சொன்னது. அவர் தலைவராக இருந்த அதே சங்கம். மனைவி சில்வியா, கல்லூரி நாளிலிருந்து கூட இருந்தவர், ஒரு காலத்தில் மாடலாக இருந்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டுமே. (ராத்திரியெல்லாம் அமெரிக்க இன்சூரன்ஸ் க்ளெய்ம் மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். அங்கே வேலை போனால் வைத்தியமும் போகும் என்பதை நம்மூர் ஆட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.)

2006ல் சில்வியா அப்போதைய கமிஷனர் பால் டாக்லியாபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த நோய் நோயாளியை மட்டுமல்ல, கவனிக்கிறவரையும் சேர்த்துக் கொல்கிறது என்று பூசிமெழுகாமல் எழுதிய கடிதம். அது வேலை செய்தது. லீகும் சங்கமும் சேர்ந்து 2007ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. டிமென்ஷியா வந்த பழைய ஆட்டக்காரர்களுக்குக் கவனிப்பு இல்லத்தில் இருந்தால் வருடம் 88,000 டாலர் வரை, வீட்டில் இருந்தால் 50,000 வரை. பெயர் '88 திட்டம்'. மேக்கியின் சட்டை எண் 88.

மேக்கி 2011 ஜூலை 6ல் பால்டிமோரில் இறந்தார். வயது 69. மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப அடிபடும் மூளையில் வரும் சி.டி.இ. என்ற சிதைவு அதில் இருந்தது. இந்தச் சிதைவைக் கால்பந்து வீரர் ஒருவரிடம், மைக் வெப்ஸ்டர் என்ற பிட்ஸ்பர்க் ஆட்டக்காரரின் மூளையில், 2002ல் முதலில் பார்த்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பென்னெட் ஒமாலு என்ற டாக்டர். பல ஆயிரம் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2013ல் சமரசத்துக்கு வந்து, 2015ல் கோர்ட் ஒப்புதல் பெற்றது.

அதிலும் ஒரு 'ஆனால்' இருந்தது. மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கும் சோதனையில், கறுப்பினத்தவரின் அறிவாற்றல் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்குப் போட இடம் கொடுத்திருந்தார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளையருக்கு நஷ்டஈடு, கறுப்பருக்கு 'உனக்கு ஒன்றும் ஆகவில்லை'. கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு பழைய ஆட்டக்காரர்கள் 2020ல் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021ல் லீக் இதைக் கைவிட ஒத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் நீதிபதி கையெழுத்திட்டார். பழைய கணக்கில் தள்ளப்பட்டவர்களின் மதிப்பெண்களை இன வித்தியாசம் இல்லாமல் மறுபடி எண்ண வேண்டும் என்று உத்தரவு.